பணவீக்கம் குறைஞ்சா விலையும் குறைஞ்சுடுமா?

'உணவுப் பணவீக்கத்தில் எந்த நாடு மோசம்?' என்று ஒரு பட்டியல் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வலம் வரும். அதை அப்படியே ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

பணவீக்கம் என்பது விலை அல்ல. போன வருஷம் இதே மாதம் இருந்த விலை, இப்போ எத்தனை சதவீதம் மாறியிருக்கு என்பதுதான் அந்த எண்.

பக்கத்தில் இருக்கும் இலங்கையையே எடுத்துக்கலாம். 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் விளைச்சல் அடிவாங்கியது. அடுத்த வருஷம் இறக்குமதிக்கு டாலர் இல்லை. இலங்கை ரூபாயின் மதிப்பும் சரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் கப்பலில் போனது அப்போதுதான். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி அங்கே உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதே மாதம் இந்தியாவில் 8.6 சதவீதம்.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், இலங்கையின் எண் மைனஸ் 5.2. இந்தியாவிலோ 6.5 சதவீதத்துக்கு மேல். பட்டியலை மட்டும் பார்ப்பவர், 'அட, அங்கே நம்மளைவிட நல்லாயிருக்கே' என்று நினைப்பார். கொழும்பு குடும்பத் தலைவியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே மளிகை, காய்கறி, 2022-ல் சுமார் 195 ரூபாய். அதில் 5.2 சதவீதம் குறைந்தாலும் 2023-ல் சுமார் 185 ரூபாய். இந்தியாவில் அதே 100 ரூபாய் சாமான் இரண்டு வருஷத்தில் 116 ரூபாயை ஒட்டித்தான் வந்தது. தோராயக் கணக்குதான் (நடுவில் இலங்கை தன் குறியீட்டின் அடிப்படை ஆண்டை மாற்றியது). ஆனாலும் யார் பாக்கெட் அதிகம் காலியானது என்பது தெரிஞ்சுடும்.

அடிப்படை ஆண்டு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியா நல்ல உதாரணம். அங்கே 2024 டிசம்பரில் 39.84 ஆக இருந்த உணவுப் பணவீக்கம், 2025 ஜனவரியில் 26.08. ஒரே மாதத்தில் சந்தையில் விலை அப்படி விழுந்துவிடவில்லை. 2009-ஐ விட்டுவிட்டு 2024-ஐ அடிப்படை ஆண்டாக எடுத்தார்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பதும் மாறியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'பாதியாகக் குறைச்சுட்டாங்க' என்று பதிவு போட்டால் தப்பாகிவிடும்.

அதனால் அடுத்த முறை பட்டியல் வந்தால் மாதம், அடிப்படை ஆண்டு இரண்டும் அதில் இருக்கான்னு பாருங்க. இரண்டு மூன்று வருஷத்து எண்களைச் சேர்த்தே பாருங்க. இந்தியாவுக்கான எண், மாதாமாதம் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் வரும். போனிலேயே திறந்து பார்க்கலாம்.