பல கணனிகள், ஒரே லினக்ஸ்

செம்மண்ணை ஒரு விதமாகவும் களிமண்ணை வேறு விதமாகவும் பண்படுத்த வேண்டும் என்பது விவசாயிக்குத் தெரியும். இடம்பெயர்ந்து வேறு மண்ணில் பயிர் செய்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கணனிகளும் அவ்வாறே. கணனியின் மூளையாகிய செயலி பல வகைப்படும். ஒரு வகைச் செயலிக்குப் புரியும் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. அப்படியானால் லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருள் எவ்வாறு இத்தனை வகைக் கணனிகளில் இயங்குகின்றது?

ஒரு மாணவரின் முயற்சி

1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம்மிடமிருந்த இன்ரெல் 386 வகைக் கணனிக்காகவே இதனை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. வேறு வகைக் கணனிகளுக்கு இது பொருந்தாது என்றே ஆகஸ்ட் மாதத்தில் அவர் அறிவித்தார்.

அந்த நிலையை மாற்றியது பகிர்வு. 1992இல் அவர் இதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ் வழங்கினார். அதன்படி எவரும் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதைக் கொடுப்பவர் அதன் மூல நிரலையும் கொடுத்தல் வேண்டும். இதனால் அமிகா, அட்டாரி போன்ற கணனிகளை வைத்திருந்தவர்கள் தத்தம் கணனிக்கேற்ப அதனை மாற்றலாயினர்.

1994இல் டிஜிட்டல் நிறுவனத்தின் அல்பா வகைக் கணனியொன்று டோர்வால்ட்ஸுக்குக் கிடைத்தது. செயலிக்குச் செயலி வேறுபடும் சிறு பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டது; பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. 1995இல் வெளிவந்த 1.2ஆம் பதிப்பு அல்பா, ஸ்பார்க், மிப்ஸ் செயலிகளையும் ஏற்றது. லினக்ஸை உள்ளடக்கிய டெபியன் தொகுப்பு 2002இல் 11 வகைச் செயலிகளுக்கு வெளியாயிற்று. 2012இல் 35 டொலர் விலையில் வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணனியும் லினக்ஸிலேயே இயங்கியது.

பழைய கணனி பயன்படுமா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. நன்றாக வேலை செய்யும் பல கணனிகள் வின்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. அவற்றைக் கழித்துவிட வேண்டியதில்லை. எனினும் சிலவற்றைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, செயலியின் வகை. லினக்ஸ் பிறந்த 386 செயலிக்கான ஆதரவே 2013இல் வந்த 3.8ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. 32 பிற் கணனிகளைப் பல தொகுப்புகள் கைவிட்டுவிட்டன. 2025இல் வந்த டெபியன் 13இலும் அவற்றுக்கான நிறுவல் தொகுப்பு இல்லை. ஆகவே 64 பிற் கணனியா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, நினைவகம். லினக்ஸ் மின்ட் தொகுப்புக்குக் குறைந்தது 2 ஜிகாபைட் தேவை. 4 இருப்பது நல்லது. குறைவாயின் எக்ஸ்எஃப்சிஈ போன்ற இலகுவான திரையமைப்பைத் தெரிவு செய்யலாம்.

மூன்றாவது, பரீட்சித்துப் பார்த்தல். பென் ட்ரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, வன்தட்டைத் தொடாமல் திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். நிறுவ முன்னர் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். நிறுவும்போது வன்தட்டு முழுவதும் அழிய இடமுண்டு.

வின்டோஸுக்கென எழுதப்பட்ட சில மென்பொருட்கள் இதில் இயங்கா. பிள்ளைகளின் படிப்புக்கு அத்தகையவை தேவையா என்பதை முன்னரே விசாரியுங்கள். தமிழில் வாசிக்கவும் எழுதவும் லினக்ஸில் வசதியுண்டு.

உரிமத்துக்குப் பணமில்லை, ஆனால் கற்றுக்கொள்ளும் உழைப்பு உண்டு. அயலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பழகினால் ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் உதவலாம். லினக்ஸ் வளர்ந்ததும் அவ்வாறே. புதுக் கணனிக்குக் கடன்பட முன், மூலையில் கிடக்கும் பழையதை ஒரு தடவை இயக்கிப் பாருங்கள்.