முதலிடம் சுருங்கிய கதை

அமெரிக்கப் பதிவுகளின்படி 1880-இல் பிறந்து ஜான் என்ற பெயர் கொண்டவர்கள் 9,655 பேர். 2023-இல் லியம் என்று பெயர் சூட்டப்பட்ட ஆண் குழந்தைகள் 20,000-க்கும் மேல். இரண்டுமே அந்தந்த ஆண்டில் முதலிடம் பிடித்த பெயர்கள். எண்ணிக்கையை அப்படியே பட்டை வரைபடமாக வரைந்தால், ஜானைவிட இரண்டு மடங்கு உயரத்தில் லியம் நிற்கும். அந்தப் படத்தை நம்பக் கூடாது.

இந்தப் பட்டியலை வெளியிடுவது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம். மக்கள் சமூகப் பாதுகாப்பு எண் கேட்டுப் போட்ட விண்ணப்பங்களே இதற்கு மூலம். அந்த எண்ணை வழங்கத் தொடங்கியதே 1936-இல்தான். 1880-இல் பிறந்த ஒருவர் 56 வயதுவரை உயிரோடிருந்து, விண்ணப்பமும் போட்டிருந்தால்தான் கணக்கில் வருவார். பிள்ளைப் பருவத்திலேயே இறந்தவர்களின் பெயர்கள் இதில் இல்லவே இல்லை. பழைய ஆண்டுகளின் கோடு தாழ்ந்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அதனால் எண்ணிக்கையை விட்டு விழுக்காட்டை வரைய வேண்டும். உடனே படம் தலைகீழாகிறது. 1880-இன் ஆண்களில் 100-க்கு 8 பேர் ஜான். பெண்களில் 7 பேர் மேரி. லியமோ 100-க்கு ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. தரவரிசைப் பட்டியலில் ஜானும் லியமும் வெறும் ‘1’ என்றே இருக்கும். இந்த வீழ்ச்சியைக் கண்ணுக்குக் காட்டுவது வரைபடம் மட்டுமே.

லிண்டாவின் கோடு இன்னும் அழகானது. 1947-இல் அந்தப் பெயர் மேரியை முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்த ஓராண்டில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிண்டாக்கள். அப்போது பட்டி கிளார்க் பாடிய ‘லிண்டா’ பாட்டு பரவிக்கொண்டிருந்தது. பாட்டுதான் பெயரைத் தூக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் கோட்டைப் பின்னோக்கிப் பாருங்கள்: பாட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஏற்றம் தொடங்கிவிட்டது. ஏறிக்கொண்டிருந்த பெயரைப் பாட்டு உச்சிக்குத் தள்ளியது, அவ்வளவே.

2005-இல் மார்ட்டின் வாட்டன்பெர்க் உருவாக்கிய ‘நேம் வாயேஜர்’ இத்தகைய கோடுகளைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால், அதில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணப் பட்டைகளாய் விரியும். அவர் மனைவி லாரா வாட்டன்பெர்க் பெயர்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். கடைசி எழுத்தின்படி பெயர்களைக் கூட்டிப் பார்த்தவர். அதில் தெரிந்தது வியப்பானது. ஏய்டன், ஜேடன், மேசன், லோகன் எனத் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரும்பான்மை இல்லை. ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆண் குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவரின் பெயர் ‘ன்’ ஒலியிலேயே முடிந்தது. பொதுவான பெயரைத் தவிர்க்க எண்ணிய பெற்றோர்கள் ஒரே ஓசையில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அப்படிச் சேராதவர்களும் உண்டு. ஆனால் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக்கூட வைக்கப்படாத பெயர்களைத் தனியுரிமை கருதி நிர்வாகம் வெளியிடுவதில்லை. அவர்களுக்கு இந்தப் படங்கள் எதிலும் கோடு இல்லை.