பிரம்மாவுக்குச் செஞ்சிலுவை! புதுவைத் தபால்தலைகள் பற்றித் தெரியுமா?

தபால்தலையை வெட்டிப் பாதியை ஒட்டினால் இன்று செல்லாது. புதுச்சேரியில் 1903-ல் செல்லுபடியானது! அவசரத்துக்குப் பிரெஞ்சு நிர்வாகமே ரெவின்யூ ஸ்டாம்பை வெட்டி, அதன்மேல் 5 சாந்தீம் மதிப்பை அச்சடித்துத் தபால்தலையாக விற்றது.

1892 வரை இந்த ஊருக்கெனத் தனித் தலையே கிடையாது, தெரியுமா? பிரெஞ்சுக் காலனிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தலைதான் இங்கும். அதைவிட வேடிக்கை, பிரெஞ்சுக்கொடி பறந்த இதே ஊருக்குள் பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையமும் நடந்தது. அங்கே விக்டோரியா ராணி தலை!

1914-ல் பிரம்மா வந்தார். பாரிஸ் அரசின் தபால்தலையில் நான்முகன்! மறு வருடமே, முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட அவர் மேலேயே சிவப்புச் சிலுவை அச்சிட்டு, 5 சாந்தீம் கூட்டி விற்றார்கள்.

1923-ல் நடந்ததுதான் உச்சம். சாந்தீமும் பிராங்கும் போய், தலைகளில் 'காஷ்', 'ஃபனோன்' என்று விலை ஏறியது. வேறொன்றுமில்லை, நம் காசும் பணமும்தான்! 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். '6 பணம் 6 காசு' என்றுகூட ஒரு தலை உண்டு. விநோத விலையாகத் தெரிகிறதா? ஒரு பணம் என்பது இரண்டணா. கணக்குப் போட்டால் சரியாகப் பன்னிரண்டரையணா! எல்லைக்கு அந்தப் பக்கத்து அணாவோடு ஒத்துப்போகவே இந்த ஏற்பாடு என்பது என் ஊகம்.

ஒரு தலைவர் தலையில் இருந்தும் ஊருக்குள் நுழைய முடியாமல் போன கதை தெரியுமா? பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த 1940-ல், புதுவை ஆளுநர் லூயி போன்வேன், எதிர்ப்பைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் சாய்ந்துவிட்டார். ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசோ தன் தலைவர் மார்ஷல் பெத்தேன் படம் போட்டுப் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தலை வெளியிட்டது. இங்கே அது விற்பனைக்கே வரவில்லை! கையிருப்பில் இருந்த பழைய தலைகள்மீது 'சுதந்திரப் பிரான்ஸ்' என்று பிரெஞ்சில் அச்சடித்து ஓட்டினார்கள். 1942-ல் தாமரைப் பூ போட்ட புதுத் தொடரே வந்துவிட்டது.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியதும் இந்தியத் தலைகள் வந்தன. ஆட்சி மாற்றத்துக்குச் சட்டப்படி முத்திரை விழுந்தது 1962-ல்தான், ஆனால் தபால் அதற்காகக் காத்திருக்கவில்லை.

பாரதியை எப்படி விடுவது? புதுவையிலிருந்து வந்த அவருடைய 'இந்தியா' ஏட்டைத் தன் எல்லைக்குள் விடாமல் பிரிட்டிஷ் அரசு தடுத்தது. 1910-ல் ஏடு நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, 1960-ல், அதே பாரதி இந்தியத் தபால்தலையாகவே நாடெங்கும் போனார்!

தபால்தலைக்கென்றே தில்லியில் தேசிய அருங்காட்சியகம் 1968 முதல் இருக்கிறது. போகும்போது பாருங்கள். அதற்குமுன் வீட்டுப் பரணைப் பாருங்கள். அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனிலிருந்து தாத்தா எழுதிய கடிதம், காரைக்கால் அத்தையின் கல்யாணப் பத்திரிகை என்று எதுவாவது உறையோடு கிடைத்தால், தயவுசெய்து தலையை மட்டும் கிழித்து எடுத்துவிடாதீர்கள். முத்திரையும் முகவரியும் சேர்ந்த முழு உறைதான் எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், எந்த வழியாக வந்தது என்று சொல்லும்.