எஸ்எம்பி முதற்பதிப்பு

எஸ்எம்பி முதற்பதிப்பு அல்லது எஸ்எம்பி 1 என்பது, ஒரே வலையமைப்பில் இணைந்துள்ள கணினிகள் தமக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்வதற்கான ஒரு தகவல்தொடர்பு நெறிமுறை ஆகும். சர்வர் மெசேஜ் பிளாக் என்பதன் சுருக்கமே எஸ்எம்பி. 1980களில் உருவான இந்நெறிமுறை, மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தின் வழியாக உலகெங்கும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் பரவியது. 2006 ஆம் ஆண்டில் விண்டோஸ் விஸ்டாவுடன் இதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 2014 இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே முதற்பதிப்பை வழக்கொழிந்ததாக அறிவித்தது. ஆயினும் ஒரு பழைய சேமிப்புக் கருவிக்காகவோ வருடிக்காகவோ இது இன்றும் வீட்டுக் கணினிகளில் இயங்கவிடப்படுவதுண்டு. அவ்வாறு விடப்பட்ட நெறிமுறை, அதனை எவரும் பயன்படுத்தாத வேளையிலும் இணைப்பை எதிர்நோக்கிக் காத்திருக்கும். இதன் பாதுகாப்பு இடர் பெரும்பாலும் இத்தன்மையிலிருந்தே எழுகின்றது.

தோற்றமும் பரவலும்

எஸ்எம்பியின் முதல் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாம் உருவாக்கினார். டாஸ் இயங்குதளம் தன் சொந்த வட்டிலுள்ள கோப்பைத் திறப்பது போலவே மற்றொரு கணினியிலுள்ள கோப்பையும் திறக்கச் செய்வது அவரது நோக்கமாக இருந்தது. அக்காலத்தில் வலையமைப்பு என்பது ஓர் அலுவலகத்திற்குள் கம்பியால் இணைக்கப்பட்ட சில கணினிகளையே குறித்தது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் அறிமுகமானவர் என்ற எண்ணம் இந்நெறிமுறையின் பல கூறுகளில் படிந்துள்ளது.

மைக்ரோசாப்ட் இதனைத் தன் லேன் மேனேஜர் மென்பொருளிலும், 1992 இல் வெளியான விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் பதிப்பிலும் சேர்த்துக்கொண்டது. 1996 இல் சிஐஎஃப்எஸ் என்ற புதுப்பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் நெட்பயாஸ் என்னும் அடுக்கின் மேல், 139 ஆம் எண்ணுடைய போர்ட் வழியாக இயங்கிய எஸ்எம்பி, விண்டோஸ் 2000 முதல் 445 ஆம் போர்ட் வழியாக நேரடியாகவும் இயங்கலாயிற்று.

விண்டோஸ் அல்லாத கருவிகளுக்குள் எஸ்எம்பி நுழைந்ததற்குச் சாம்பா என்னும் திறந்த மூல மென்பொருளே காரணம். ஆத்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொதிகளை ஆராய்ந்து இதனை எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை அகரமுதலியில் தேடியபோது கிடைத்ததே சாம்பா என்ற பெயர். இது இலவசமாகக் கிடைத்ததால் வலையமைப்புச் சேமிப்புக் கருவிகளும், யுஎஸ்பி துளை கொண்ட வீட்டுத் திசைவிகளும் இதனைத் தம்முள் கொண்டு வந்தன. 2008 இல் வெளியான 3.2 பதிப்பு முதல் சாம்பாவின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. அவ்வுரிமத்தை விரும்பாத சில தயாரிப்பாளர்கள் பழைய 3.0 வரிசையிலேயே நின்றுவிட்டனர். இரண்டாம் பதிப்பு எஸ்எம்பிக்கான முழு ஆதரவு 2011 இல் வெளியான சாம்பா 3.6 இல்தான் வந்தது. ஆகவே 3.0 வரிசையைக் கொண்ட ஒரு கருவி, எத்தனை ஆண்டுகள் பழுதின்றி உழைத்தாலும், முதற்பதிப்பைத் தவிர வேறெதையும் அறியாது.

வடிவமைப்புக் குறைபாடுகள்

எஸ்எம்பி 1 இன் இயல்பான வடிவில் மறையாக்கம் இல்லை. பகிரப்பட்ட கோப்பு வலையமைப்பைக் கடக்கும்போது, அதே வலையமைப்பிலுள்ள வேறொரு கருவி அதனை இடைமறித்துப் படிக்க இயலும். பொதிகள் வழியில் மாற்றப்படாமல் காக்கும் கையொப்ப வசதி பின்னாளில் சேர்க்கப்பட்டது எனினும், அது கட்டாயமாக்கப்படவில்லை. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்படவும் இல்லை. எந்தப் பதிப்பில் பேசுவது என்று இரு கணினிகள் தொடக்கத்தில் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. இரு முனைகளும் புதிய பதிப்பை அறிந்திருந்தாலும், முதற்பதிப்பும் இயங்கும் நிலையில் இருந்தால், இடையில் நிற்கும் ஒருவர் அவற்றைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட முடியும். முதற்பதிப்பை முடக்காமல் புதிய பதிப்பை மட்டும் நிறுவுவதால் முழுப் பயன் கிட்டாததற்கு இதுவே காரணம்.

கடவுச்சொல்லைக் கையாண்ட முறையும் வலுவற்றது. லேன் மேனேஜர் முறையில் கடவுச்சொல்லின் எழுத்துகள் யாவும் பெரிய எழுத்துகளாக்கப்பட்டு, 14 எழுத்துகளுக்கு நிரப்பப்பட்டு, ஏழு ஏழாக இரு துண்டுகளாக்கப்பட்டன. இரு துண்டுகளையும் தனித்தனியே உடைக்கலாம் என்பதால், 14 எழுத்துக் கடவுச்சொல்லும் இரண்டு ஏழெழுத்துக் கடவுச்சொற்களின் வலுவையே பெற்றது.

விண்டோஸ் 95, 98, மில்லேனியம் ஆகியவற்றில் இருந்த குறை இன்னும் வியப்பானது. ஒரு கோப்புறையைப் பகிரும்போது அதற்கெனக் கடவுச்சொல் இடும் வசதி இவற்றில் இருந்தது. ஆனால் வந்த கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது, எத்தனை எழுத்துகளை ஒப்பிட வேண்டும் என்பதை இணைய முயலும் கணினியே கூறியது. அது ஒன்று எனக் கூறினால் முதல் எழுத்து மட்டுமே ஒப்பிடப்பட்டது. எவ்வளவு நீண்ட கடவுச்சொல்லாயினும் முதலெழுத்தைக் கண்டறிந்தால் கதவு திறந்துவிடும். 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் இதற்கான திருத்தம் வெளியிடப்பட்டது. எனினும் ஈராண்டு கழித்து, 2002 இன் பிற்பகுதியில், ஓபாசெர்வ் என்னும் கணினிப் புழு இதே குறையைப் பயன்படுத்திப் பரவியது. அகலப்பட்டை இணைப்புடன் எந்நேரமும் இணையத்தில் இருந்த வீட்டுக் கணினிகள் அதற்கு எளிதாக இரையாயின.

2001 மார்ச்சில் வெளியான எஸ்எம்பி ரிலே என்னும் கருவி வேறொரு குறையை வெளிக்காட்டியது. ஒரு கணினி அனுப்பும் அடையாளச் சான்றை அப்படியே திருப்பி அனுப்பி, அக்கணினிக்குள்ளேயே நுழைய இக்கருவி வழிசெய்தது. இத்திருப்பி அனுப்பும் முறைக்கான திருத்தம் 2008 நவம்பரில்தான் வெளிவந்தது. பழைய மென்பொருள்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சமே இத்தாமதத்திற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

எட்டர்னல் புளூவும் வான்னாகிரையும்

எஸ்எம்பி 1 இல் கண்டறியப்பட்ட வழுக்களுள் மிகுந்த சேதம் விளைவித்தது எட்டர்னல் புளூ என்னும் தாக்குதல் நிரல் பயன்படுத்திய வழுவாகும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கிய இந்நிரலைச் சேடோ புரோக்கர்ஸ் எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் 2017 ஏப்ரல் 14 அன்று வெளியிட்டனர். ஒரு மாதம் முன்னரே, மார்ச் 14 அன்று, மைக்ரோசாப்ட் இவ்வழுவுக்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தது.

இவ்வழு இருந்த இடம் கவனிக்கத்தக்கது. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளம் கோப்புகளுடன் சில கூடுதல் பண்புகளையும் ஒரு பட்டியலாக அனுப்பும். அப்பட்டியலை விண்டோஸின் வடிவத்துக்கு மாற்றுவதற்கென ஒரு சிறு நிரல் எஸ்எம்பி 1 இன் வழங்கிப் பகுதியில் இருந்தது. பட்டியலின் நீளம் 32 பிட் எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தது. அந்நிரலோ நீளத்தைத் திருத்தி எழுதும் ஓரிடத்தில் 16 பிட் மட்டுமே எழுதியது. வேண்டுமென்றே பெரிதாக்கிய பட்டியல் ஒன்று வரும்போது, நீளம் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். ஒதுக்கிய இடத்தைவிட மிகுதியான தரவு நகலெடுக்கப்பட்டு, அடுத்துள்ள நினைவகப் பகுதியின் மேல் எழுதப்படும். இயங்குதளத்தின் கருனியிலேயே இது நிகழ்ந்ததால், கடவுச்சொல் ஏதுமின்றித் தாக்குபவருக்குக் கணினியின் முழு அதிகாரமும் கிட்டியது. பெரும்பாலான வீட்டுப் பயனர்கள் கண்டேயிராத ஓர் இயங்குதளத்துக்காக வைக்கப்பட்ட நிரற்பகுதி, அவர்கள் கணினியைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

2017 மே 12 அன்று வான்னாகிரை பரவத் தொடங்கியது. கோப்புகளை மறையாக்கம் செய்து 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயினைப் பிணைப்பணமாகக் கேட்ட இத்தீநிரல், எவரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக யூரோபோல் மதிப்பிட்டது. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவையில் மருத்துவமனை அறக்கட்டளைகளுள் மூன்றில் ஒரு பங்கு பாதிப்புக்குள்ளாகி, சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. தீநிரலுள் குறிப்பிடப்பட்டிருந்த, எவரும் பதிவுசெய்யாத ஓர் இணைய முகவரியை மார்க்கஸ் ஹச்சின்ஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் பதிவுசெய்தபோது பரவல் தணிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் விதிவிலக்காகத் திருத்தம் வழங்கியது. ஆயினும் பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்தும் இற்றைப்படுத்தப்படாத விண்டோஸ் 7 கணினிகளே. அடுத்த மாதம் 27 ஆம் நாள் உக்ரைனில் தொடங்கிய நாட்பெட்யா தாக்குதலும் இதே வழுவைத் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது.

வீட்டு வலையமைப்பில் உள்ள இடர்

வீட்டுத் திசைவி வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுப்பதால் உள்ளே எது இயங்கினாலும் தீங்கில்லை என்ற கருத்து பரவலாக உண்டு. இது ஓரளவே உண்மை. அலுவலகத்திலோ விடுதியிலோ தொற்றுக்குள்ளான மடிக்கணினி ஒன்று வீட்டின் வை-ஃபையில் இணையும்போது, அது திசைவிக்கு உட்புறத்திலேயே நிற்கின்றது. மின்னஞ்சல் இணைப்பு வழியாக ஒரு கணினியில் நுழைந்த தீநிரலின் நிலையும் அதுவே. உட்புறத்தில் உள்ள கருவிகளுக்கிடையே திசைவிகள் இயல்பாக எத்தடையும் இடுவதில்லை.

திசைவியும் எப்போதும் நம்பத்தக்கதன்று. விளையாட்டுகளும் பிற மென்பொருள்களும் தமக்கு வேண்டிய போர்ட்டுகளைத் தாமே திறந்துகொள்ள யுபிஎன்பி என்னும் வசதி உதவுகின்றது. சில திசைவிகள் இவ்வேண்டுகோளை வெளிப்புறத்திலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்டன. இக்குறை வழியாக 45,000க்கும் மேற்பட்ட திசைவிகளில் 139, 445 ஆகிய போர்ட்டுகள் திறந்துவிடப்பட்டிருந்ததையும், அவற்றின் பின்னிருந்த ஏறத்தாழ 17 இலட்சம் கணினிகள் இணையத்துக்கு வெளிப்பட்டிருந்ததையும் 2018 நவம்பரில் அக்கமாய் நிறுவனம் அறிவித்தது.

வீட்டில் உள்ள சேமிப்புக் கருவி பெரும்பாலும் குடும்ப ஒளிப்படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றின் காப்பு நகலைத் தாங்கியிருக்கும். கடவுச்சொல் கேட்காத விருந்தினர் அணுக்கத்துடன் அது எப்போதும் திறந்திருந்தால், கணினியில் நுழைந்த தீநிரல் மூலக் கோப்புகளோடு காப்பு நகலையும் மறையாக்கம் செய்துவிடும். காப்பு நகல் இருந்தும் இழப்பு நேர்வது இவ்வாறே. நகலெடுத்தபின் கழற்றிவைக்கப்படும் வன்தட்டு இவ்வகையில் மேலானது.

அகற்றலும் மீண்டும் இயக்கலும்

2017 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி 1 இன் வழங்கிப் பகுதி சேர்க்கப்படுவதில்லை. அப்பதிப்பின் ஹோம், புரோ வகைகளில் கோப்பைக் கேட்டுப் பெறும் கிளையன்ட் பகுதி மட்டும் இருந்தது. 15 நாட்கள் பயன்படுத்தப்படாவிடில் அதுவும் தானே நீங்கியது. ஆப்பிள் நிறுவனம் 2013 இல் மேவரிக்ஸ் பதிப்புடன் இரண்டாம் பதிப்பை முதன்மையாக்கியது. 2019 செப்டம்பரில் வெளியான சாம்பா 4.11 முதற்பதிப்பை இயல்பாகவே முடக்கியது.

இதன் விளைவாக விண்டோஸின் வலையமைப்புச் சாளரம் பல வீடுகளில் வெறுமையாயிற்று. அண்டைக் கணினிகளைப் பட்டியலிடும் பழைய சேவை எஸ்எம்பி 1 ஐச் சார்ந்திருந்ததே காரணம். கருவி பட்டியலில் தெரியாவிட்டாலும், இரண்டாம் பதிப்பை அறிந்ததாயின் அதன் பெயரையோ ஐபி முகவரியையோ தட்டச்சிட்டால் திறக்கும். இதனை அறியாமல் பட்டியலை மீட்பதற்காக மட்டும் முதற்பதிப்பை மீண்டும் இயக்கியோர் உண்டு.

அவ்வாறு இயக்குவோர் அறியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. விண்டோஸின் கூறுகளைச் சேர்க்கும் சாளரத்தில் எஸ்எம்பி 1.0 என்ற தலைப்பின் கீழ் கிளையன்ட், வழங்கி, தானியங்கி நீக்கம் என மூன்று பெட்டிகள் உள்ளன. தலைப்புப் பெட்டியைக் குறித்தால் மூன்றும் சேர்ந்தே தெரிவாகும். பழைய சேமிப்புக் கருவியைக் கணினியிலிருந்து அணுகுவதற்குக் கிளையன்ட் பகுதி மட்டும் போதும். எட்டர்னல் புளூ தாக்கியது வழங்கிப் பகுதியையே. கணினியின் கோப்புறைக்குள் நேரடியாக எழுதும் பழைய வருடிகளுக்குத்தான் வழங்கிப் பகுதி தேவைப்படுகின்றது. அவற்றுக்கு மாற்றாக யுஎஸ்பி நினைவகத்தில் சேமிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். கிளையன்டை மட்டும் இயக்குவதும் இடரற்றதன்று. முன்னர் கூறிய இடைமறிப்பும் பதிப்பிறக்கமும் அதற்கும் பொருந்தும். சேமிப்புக் கருவிக்குத் தயாரிப்பாளரின் இற்றைப்படுத்தல் இருக்கின்றதா என முதலில் பார்ப்பதும், இல்லையெனில் அதன் வன்தட்டை வேறு கருவிக்கு மாற்றுவதும் சிறந்த வழிகளாகும்.

பிற நெறிமுறைகள்

எஸ்எம்பியின் புதிய பதிப்புகளும் வழுவற்றவை அல்ல. 2020 மார்ச்சில் 3.1.1 பதிப்பின் தரவுச் சுருக்க வசதியில் எஸ்எம்பி கோஸ்ட் எனப்பட்ட கடும் வழு வெளிப்பட்டு, சில நாட்களில் திருத்தப்பட்டது. ஆனால் மூன்றாம் பதிப்பில் மறையாக்கம் உண்டு, 3.1.1 இல் தொடக்க உடன்பாடும் சரிபார்க்கப்படுகின்றது. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில் கையொப்பத்தைக் கட்டாயமாக்கி விருந்தினர் அணுக்கத்தையும் தடுத்தது. இதனால் கடவுச்சொல் இடப்படாத சேமிப்புக் கருவிகள் பல வீடுகளில் திறக்க மறுத்தன. இத்தடையை நீக்குவதைவிடக் கருவியில் ஒரு பயனர் கணக்கை ஏற்படுத்துவது எளிது.

1971 முதல் வழங்கும் எஃப்டிபி நெறிமுறையும் வீட்டுத் திசைவிகளிலும் கண்காணிப்பு ஒளிப்படக் கருவிகளிலும் காணப்படுகின்றது. இது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மறைக்காமல் அப்படியே அனுப்புகின்றது. குரோம், பயர்பாக்சு ஆகிய உலாவிகள் 2021 இல் இதற்கான ஆதரவை நீக்கின.