பின்சுவரில் அழுகும் இரும்பு

சென்னையில் 1970களிலும் 80களிலும் கட்டிய அடுக்ககங்களின் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால், மொட்டைமாடியிலிருந்து தரைவரை இறங்கும் கருத்த வார்ப்பிரும்புக் குழாய்களைக் காணலாம். பிளம்பர்கள் அதை சி.ஐ. பைப் என்பார்கள். எல்லா மாடிகளின் கழிப்பறைகளும் அந்த நாலங்குலக் குழாயில்தான் இறங்குகின்றன. பி.வி.சி. பரவலாவதற்கு முன் வீடு கட்டியவர்களுக்கு அதைவிட உறுதியான பொருள் கிடைத்ததில்லை. ஆனால் 40, 50 ஆண்டுகள் ஆகிவிட்டன. உப்புக்காற்று வீசும் கடலோரப் பகுதிகளில் அதற்கும் முன்பே அந்தக் குழாய்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகும் அவை சுவரில் நிற்பதால்தான் யாரும் கவலைப்படுவதில்லை.

இரும்பு வெளியே துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஆபத்தானது உள்ளே நடப்பது. கழிவு தேங்கி, காற்றில்லாமல் அழுகும்போது நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு குழாயின் ஈரமான மேற்பரப்பில் படிய, வேறுவகை நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. படுக்கைவாட்டில் ஓடும் குழாயின் மேல்பக்கம் அரிக்கப்படுவதற்கு இதுவே காரணம். போதாததற்கு, அடைப்பு என்றதும் நாம் வாங்கி ஊற்றும் ஆசிட்டும் அதே இரும்பைத்தான் தின்கிறது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் உள்ள வீட்டில் அடைப்பெடுக்க ஆசிட் ஊற்றவே கூடாது.

வார்ப்பிரும்புக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் ஏறக்குறைய 3 சதவீதம் கரி, கிராஃபைட் வடிவில் கலந்திருக்கிறது. ஈரத்தில் இரும்பு மட்டும் கரைந்து வெளியேற, கிராஃபைட்டும் துருவும் அதே உருவத்தில் அப்படியே நிற்கும். பார்வைக்கு முழுக்குழாய். கத்திமுனையால் கீறினால் பென்சில் முனைபோலச் சீவிக்கொண்டு வரும். எம்-சீல் அப்பி, சிமென்ட் பூசி, தார்த்துணி சுற்றி ஓட்டுவதெல்லாம் இதனால்தான் பயனற்றுப் போகிறது. ஒரு விரிசலை அடைத்தால் ஓரடி தள்ளி இன்னொன்று திறக்கும். அனுபவமுள்ள பிளம்பர் சிறு சுத்தியலால் குழாயை மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அழுகியது சத்தம் செத்துப்போய் மொத்தென்று கேட்கும். மண்ணுக்குள் ஓடும் பகுதியைப் பார்க்கச் சிறு கேமராவை உள்ளே செலுத்தும் வசதி இன்று கிடைக்கிறது. பழைய வீடுகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் களிமண் சுட்ட ஸ்டோன்வேர் குழாயாக இருக்கும். அதன் இணைப்புகளில் மரவேர் நுழைந்து அடைத்திருப்பதும் கேமராவில்தான் தெரியவரும்.

ஒழுகும் குழாயைச் சுவர்க்கறை என்ற அளவில் நினைப்பது தவறு. குளியலறைத் தளத்துக்குள் கசியும் நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கீழ்வீட்டுக் கூரையின் காரை பெயர்ந்து விழுகிறது. இதைவிட எனக்கு அச்சம் தருவது சம்ப். இடநெருக்கடியில் குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்ச் சேம்பரும் சில அடி இடைவெளியில் அமைந்த மனைகள் சென்னையில் ஏராளம். சேம்பருக்குப் போகும் குழாய் மண்ணுக்குள் உடைந்திருந்து, சம்பின் சுவரிலும் விரிசல் இருந்தால், கழிவு குடிநீரில் கலக்கும். டைஃபாய்டு, காலரா, மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈ ஆகியவை பரவும் வழி இதுதான். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று வீடுகளில் அடுத்தடுத்து மஞ்சள்காமாலை வந்தால் ஓட்டல் சாப்பாட்டைக் குறைசொல்வதற்கு முன் சம்ப் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிண்டி கிங் நிலையத்தில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது.

காற்றுவழி ஆபத்தும் உண்டு. தரைவடிகாலில் இருக்கும் நஹானி ட்ராப்பில் நிற்கும் இரண்டங்குலத் தண்ணீர்தான் குழாயின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியபோது, ஆய்வாளர்களின் பார்வை போய் நின்ற இடங்களில் ஒன்று வற்றிப்போன ட்ராப்புகள். புழங்காத குளியலறையின் ட்ராப்பில் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும், செலவில்லாத காப்பு அது.

இனி, எந்தச் சங்கக் கூட்டத்தையும் சண்டையாக்கும் கேள்வி: குழாய் யாருடையது? பல வீடுகளின் கழிவைச் சுமந்து செல்லும் செங்குத்துக் குழாயும், அது இறங்கும் சேம்பர்களும், மனை எல்லைவரை ஓடும் லைனும் பொதுச்சொத்து. வீட்டுக்குள் இருந்து அந்தக் குழாயில் போய்ச் சேரும் கிளைக்குழாய் அந்தந்த வீட்டுக்காரருடையது. அது கீழ்வீட்டுக் கூரையடியில் ஓடினாலும், மேல்வீட்டுக் கழிப்பறைக்கு மட்டும் பயன்படும் என்றால் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல்வீட்டுக்கே என்பதுதான் நியாயமான நடைமுறை. எல்லைக்கு வெளியே தெருவில் ஓடுவது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அங்கே அடைப்பென்றால் 1916இல் புகார் செய்யலாம்.

“எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே, நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்?” என்று மூன்றாவது மாடி கேட்கும். கேட்பவர் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர். அவருடைய கவலை உண்மையானது, வாதம் சரியானதல்ல. மூன்றாவது மாடியின் கழிவும் சேர்ந்துதான் தரைத்தளக் குளியலறைக்குள் எதிரேறி வருகிறது. குழாய் கீழே அடைத்தால் மேலே இருப்பவருக்குத் தெரியாது, முதலில் பொங்குவது தரைத்தளத்தில்தான். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர்களின் மலம் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பங்குத்தொகைக் கணக்குப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் ஏற்கவில்லை. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, பொதுப்பகுதிகளின் பராமரிப்புச் செலவில் ஒவ்வோர் உரிமையாளரையும் பங்காளி ஆக்குகிறது. முடியாதவர்களுக்குத் தவணை கொடுங்கள், சங்கத்தின் கார்ப்பஸ் நிதியிலிருந்து முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு வசூலியுங்கள். எதுவானாலும் பொதுக்குழுவில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மேல்வீட்டுக்காரர் கதவையே திறக்க மறுத்தால்? முதலில் கசிவு எங்கிருந்து என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேல்வீட்டுக் கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றினால், கீழே எங்கு நிறம் தெரிகிறது என்பது ஒருநாளில் விளங்கிவிடும். அதற்கும் இடம் தராதவருக்குச் சங்கத்தின் பெயரில் பதிவுத்தபாலில் கடிதம், அடுத்து வழக்கறிஞர் அறிவிப்பு, அதற்கும் அசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை. கழிவு வெளியே வழிந்து சுகாதாரக் கேடு ஆகியிருந்தால், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி அதை அகற்றுமாறு உத்தரவிட மாநகராட்சிச் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. சென்னையில் புகார் எண் 1913. வழக்குச் செலவுக்கு அஞ்சுபவர்கள் 15100இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் பட்டியலில், வடிகாலைச் சுத்தம் செய்வது வாடகைதாரர் வேலை. குழாய்களை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. எழுத்தில் கேட்டும் அவர் செய்யாவிட்டால், செலவைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். தகராறு என்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். கழிப்பறையைப் பூட்டியோ தண்ணீரை நிறுத்தியோ காலி செய்ய வைப்பது சட்டவிரோதம்.

புதுவீடு வாங்கிச் சில ஆண்டுகளிலேயே குழாய் ஒழுகுகிறதா? ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும், சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்வது கட்டுநரின் கடமை என்கிறது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. வீட்டுக் காப்பீடு பற்றியும் கேட்பார்கள். குழாய் திடீரென வெடித்து உள்ளே ஏற்படுத்திய சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கலாம். தேய்ந்துபோன குழாயை மாற்றும் செலவு கிடைக்காது.

மாற்றுவது என்று முடிவானால் மொட்டைமாடி முதல் அடிவளைவு வரை முழுக் குழாயையும் மாற்றுங்கள். பாதி இரும்பு, பாதி பி.வி.சி. என்று ஒட்டுப்போடுவது இரண்டாண்டில் மறுபடி சாரம் கட்டவைக்கும். ஏமாற்று அதிகம் நடப்பது பொருளில். கழிவுக்கான பி.வி.சி. குழாயின் இந்தியத் தர எண் ஐ.எஸ். 13592. அதில் ‘ஏ’ வகை மெல்லியது, காற்றுக்குழாய்க்கும் மழைநீருக்கும் உரியது. கழிப்பறைக்கு வேண்டியது தடிமனான ‘பி’ வகை. வித்தியாசம் குழாயின் மேலேயே அச்சாகி இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையானதா என்று தெரிந்துவிடும். விலைப்பட்டியலில் ‘பி.வி.சி. பைப்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடியில் ஒரே செங்கோண வளைவு வைக்காமல் இரண்டு 45 பாகை வளைவுகள் வைத்தால் கழிவு அடித்துத் தேங்காது. மாடிக்கு மாடி, திறந்து சுத்தம் செய்யும் டோர் வளைவு வேண்டும். தரையில் ஓடும் நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி என்ற வாட்டம் வேண்டும். மொட்டைமாடிக்கு மேல் நீளும் காற்றுப்போக்கியை அழகுக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் ஒவ்வொரு ஃபிளஷ்ஷும் ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிவிடும், வீடு நாறும். வேலையோடு வேலையாக மழைநீர்க் குழாயைக் கழிவுச் சேம்பரில் இணைத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. அது விதிமீறல், ஐப்பசி மழையில் தரைத்தளக் கழிப்பறை பொங்குவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகவேண்டும், 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

கழற்றிய இரும்பு எடைக்குப் போகும். அந்தப் பணம் சங்கத்தினுடையது, ஒப்பந்தத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். ஆறடி நீளக் குழாய் ஒன்றே 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை மேலிருந்து தள்ளிவிடக் கூடாது, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். சாரத்தில் நிற்பவருக்கு உடல்பட்டை வேண்டும். பழைய இணைப்புகளில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அதை நெருப்பில் உருக்கிப் பிரிக்கவிடாதீர்கள், புகை நஞ்சு. வேலை முடிந்து சுவர் பூசுவதற்கு முன் கீழ்வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணையை அதுவரை கொடுக்க வேண்டாம். ஏமாற்றியிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இத்தனையும் பணம் சார்ந்த விஷயங்கள். உயிர் சார்ந்தது ஒன்று இருக்கிறது. அழுகிய குழாயை மாற்றாமல் நாள்கடத்தும் ஒவ்வொரு வளாகமும் மாதம் ஒருமுறை யாரோ ஒருவரை அழைத்துச் சேம்பருக்குள் இறக்குகிறது. ஐந்நூறு ரூபாய், ஒரு மூங்கில் கழி, கையுறைகூடக் கிடையாது. மூடியைத் திறந்து கழிவைக் கிளறும்போது அதே ஹைட்ரஜன் சல்பைடு எழுகிறது. காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் சில நிமிடங்களில் சரிகிறார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் இறக்கிறார்.

மனிதர்களே மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, தனிமனிதருக்கும் தடைசெய்கிறது. வீட்டுக்காரரும் சங்கச் செயலாளரும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். “அவரேதான் இறங்கினார், நாங்கள் சொல்லவில்லை” என்பது தப்பிக்கும் வழியாகாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். நாடாளுமன்றத்தில் அரசு வைத்த கணக்குகளில் 1993 முதல் இப்படி இறந்தோர் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. இறந்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் தலித்துகள். குழாய்க்குச் செலவழிக்கத் தயங்கும் வளாகங்கள் அந்தச் செலவை இவர்கள் மேல் ஏற்றிவைக்கின்றன.

அடைப்பென்றால் ஜெட் அடிக்கும் இயந்திரமும் உறிஞ்சும் லாரியும் இருக்கின்றன. கழிவுநீர் அகற்ற 14420இல் பதிவு செய்யலாம். உங்கள் வளாகத்தின் அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள்: பழைய சி.ஐ. குழாய்களை இந்த மழைக்காலத்துக்கு முன் மாற்றுவது, இனி எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரையும் சேம்பருக்குள் இறக்குவதில்லை என்பது. குழாய் மாற்றப் பணம் சேரத் தாமதமானாலும் இரண்டாவது தீர்மானம் அன்றே அமலுக்கு வரட்டும்.