தன்னைப் பேய் என்று அழைத்துக்கொண்டவர்

படிவம் மூன்றில் படித்தபோது உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் எதிரே அமர்ந்த அத்தை முறையுள்ள ஒருவர் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "சின்னவ நல்ல சிவப்பு. பெரியவதான் பாவம்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவும் சிரித்தார். நான் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அத்தை சொன்னதைவிட அம்மா சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வாரமே பசார் மாலாமில் 15 வெள்ளி கொடுத்து ஒரு கிரீம் வாங்கினேன். டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, எண் இல்லை. முதல் இரண்டு வாரம் முகம் உண்மையாகவே வெளுத்தது. பள்ளியில் தோழிகள் கேட்டபோது தலைகால் புரியவில்லை. பிறகு கன்னம் எரிய ஆரம்பித்தது. தோல் உரிந்து, திட்டுத் திட்டாகச் சிவந்தது. கிளினிக்கில் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "டப்பா எங்கே?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கலாம் என்று அவர் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால்தான் முகம் வெளுக்கிறது. தொடர்ந்து பூசினால் சிறுநீரகம் பழுதாகலாம். பாதரசம், ஹைட்ரோகுவினோன் போன்றவை கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை நம் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. இந்நாட்டில் முறையாக விற்கப்படும் ஒவ்வோர் அழகுப் பொருளுக்கும் ஓர் அறிவிப்பு எண் உண்டு. வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அந்த முகத்தோடுதான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் போனேன். திருமுறை விழாவில் கதை சொல்லும் போட்டிக்கு டீச்சர் ஆளுக்கொரு நாயன்மாரைக் கொடுத்தார். எனக்குக் காரைக்கால் அம்மையார். பேயுருவம் கேட்டு வாங்கிய அம்மையார்! முகமெல்லாம் திட்டாக இருப்பவளுக்குப் பேய்க் கதையா? வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார் என்று நினைத்து வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனாலும் போட்டி நெருங்கியதால் படிக்கத்தான் வேண்டியிருந்தது.

மாம்பழக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வணிகர் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றை, பசியோடு வந்த அடியாருக்கு மனைவி புனிதவதி படைத்துவிடுகிறார். கணவன் இரண்டாவது பழத்தையும் கேட்க, இறைவனை வேண்டுகிறார். கையில் பழம் வருகிறது. உண்மை தெரிந்ததும் கணவன் அஞ்சுகிறான். கப்பலேறிப் போனவன் பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர் புனிதவதியைப் பல்லக்கில் அழைத்து வந்தபோது அவர் காலில் விழுகிறான்.

சிறு வயதில் கேட்டபோது மாம்பழத்தோடு என் கவனம் நின்றுவிட்டது. இந்த முறை வேறு இடத்தில் நின்றேன். புனிதவதி பேரழகி என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அந்த அழகு கணவனைப் பிடித்து வைக்கவில்லை. அவனுக்காகச் சுமந்த இந்த உடலின் அழகு இனி வேண்டாம் என்று சொல்லித்தான் அவர் பேயுருவைக் கேட்கிறார். பிறகு கயிலை மலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்து போகிறார். அந்த எலும்புருவத்தைப் பார்த்து இறைவன் அழைத்த சொல் "அம்மையே".

தாயும் தந்தையும் இல்லாத இறைவன் 'அம்மா' என்று அழைத்த முகம் அது. அதை அழகு என்று ஊரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் பாடியவை பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. மொத்தம் 143 பாடல்கள். திருவாலங்காட்டுப் பதிகங்களில் வற்றிய உடலும் புடைத்த நரம்புமாகச் சுடுகாட்டுப் பேயை வர்ணிக்கிறார். பதிகத்தின் முடிவில், பாடியவர் பெயர் வரும் இடத்தில், தன்னையும் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். அதில் அழுகை இல்லை. பார், இதுதான் நான், இறைவன் ஆடும் இடத்தில் இருக்கிறேன் என்ற நிம்மதிதான் எனக்குக் கேட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புச் சிலையின் படத்தைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறார்.

"அப்படியானால் அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா டீச்சர்?" என்று கேட்டேன். "தப்பென்றால் அம்மனுக்கு ஏன் இவ்வளவு அலங்காரம்?" என்று சிரித்தார். என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் கேட்டேன். வகுப்பில் சத்தமாகப் பேசுவது நான்தானாம். அவ்வளவுதான்!

அதுவரை முருகனிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கொஞ்சம் வெளுக்க வை. ஒருநாள் அபிஷேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருங்கல் முகத்தில் எண்ணெய் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கண்கலங்கிக் கும்பிட்டார்கள். இவரிடம் போய் இதைக் கேட்டோமே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வேண்டுதலை விட்டுவிட்டேன். எல்லா நாளும் மனம் அப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வகுப்புப் படம் எடுக்கும்போது இன்னமும் பின்வரிசைக்குத்தான் கால் போகிறது.

போட்டியில் ஆறுதல் பரிசுகூட இல்லை. கயிலைக் காட்சியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், மணி அடித்துவிட்டார்கள். அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எதுவும் பேசவில்லை.

இப்போது படிவம் ஆறில் இருக்கிறேன். கடந்த தீபாவளிக்கு அதே அத்தை வீட்டுக்கு வந்தார். என் கன்னத்தைத் தொட்டு, "படிப்பெல்லாம் சரி, இன்னும் கொஞ்சம் வெளுத்தா போதும்," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "அவளுக்கு அதெல்லாம் வேணாம் அண்ணி. நீங்க முறுக்கு எடுத்துக்குங்க," என்று தட்டை நீட்டினார்.