தாகுவா விதைப் பொத்தான்கள்

தாகுவா பொத்தான் என்பது தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு வகைப் பனையின் விதையைக் கடைந்து செய்யப்படும் ஆடைப் பொத்தான் ஆகும். இவ்விதை வெண்மையிலும் கடினத்திலும் யானைத் தந்தத்தை ஒத்திருப்பதால் 'தாவரத் தந்தம்' என அழைக்கப்படுகிறது. இம்மரத்தின் தாவரவியல் பேரினப் பெயர் பைட்டெலிபாஸ். 'யானைத் தாவரம்' என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ஈக்வடார் நாடு இவ்விதைக்குப் பெயர் பெற்றது.

விதையின் இயல்பு

நம் பனை நுங்கை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தாகுவா விதையின் உட்பகுதியும் இளம் பருவத்தில் நீராகவும், பின்னர் வழுவழுப்பான சதையாகவும் இருக்கும். முற்றியதும் கல்போல் இறுகிவிடும். முளைக்கும் கன்றுக்கு உணவாக விதை சேமித்து வைக்கும் கருவூணே இவ்வாறு இறுகுகிறது. ஒரு விதை ஏறத்தாழக் கோழி முட்டை அளவு இருக்கும்.

செய்முறை

1. முற்றித் தானாக உதிர்ந்த விதைகள் பொறுக்கப்படுகின்றன. மரத்தை வெட்டுவதில்லை.
2. விதைகள் பல வாரங்கள் வெயிலில் உலர்த்தப்படுகின்றன. பின் மேலோடு உடைத்து நீக்கப்படுகிறது.
3. பருப்பு வாளால் மெல்லிய வில்லைகளாக அறுக்கப்படுகிறது. விதையின் நடுவில் இயற்கையாகவே சிறு பொள்ளல் இருக்கும். அப்பகுதி தவிர்க்கப்படுவதால் மிகப் பெரிய பொத்தான்களை இதில் செய்ய இயலாது.
4. வில்லைகள் கடைசல் எந்திரத்தில் வடிவம் பெறுகின்றன. இரண்டு அல்லது நான்கு துளைகள் இடப்படுகின்றன.
5. சாயம் ஏற்றி மெருகிடப்படுகின்றன. இவ்விதை சாயத்தை நன்கு ஈர்க்கும். அறுக்கும்போது விழும் தூள் கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படுவதுண்டு.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தாகுவா விதைகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குக் கப்பலில் சென்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் இத்தொழிலின் மையமாக விளங்கியது. 1920களில் அமெரிக்காவில் தயாரான பொத்தான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விதையால் ஆனவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான பிளாஸ்டிக் பொத்தான்கள் பெருகியதால் இத்தொழில் நலிந்தது. 1990இல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு, ஈக்வடாரின் எஸ்மரால்டாஸ் மாகாணத்தில் விதை சேகரிக்கும் மக்களை ஆடை நிறுவனங்களுடன் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டை அழிக்காமலே அதிலிருந்து வருமானம் கிடைத்தால் மக்களே அதைக் காப்பார்கள் என்பதே அதன் அடிப்படை.

இயற்கைப் பொருள் எல்லாம் நிலைத்ததா?

இயற்கைப் பொருள் என்பதாலேயே அது சூழலுக்கு ஏற்றதாகிவிடாது. 1891இல் ஜான் பேப்பிள் என்னும் ஜெர்மானியர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மஸ்கட்டைன் நகரில் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பிகளிலிருந்து பொத்தான் செய்யத் தொடங்கினார். தொழில் பெருகப் பெருகச் சிப்பிகள் அளவின்றி அள்ளப்பட்டன. ஆற்றின் சிப்பிப் படுகைகள் வறண்டன. சிப்பியை எடுத்தால் அவ்வுயிர் மடிகிறது. உதிர்ந்த விதையை எடுத்தால் மரம் மீண்டும் காய்க்கிறது. வேறுபாடு இங்கேதான் உள்ளது.

தாகுவாவுக்கும் எல்லை உண்டு. எல்லா விதைகளையும் பொறுக்கிவிட்டால் புதிய கன்றுகள் முளைக்காது. பனையைப் போலவே இதிலும் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. காய்க்காத மரம் என்று ஆண் மரங்களை வெட்டினால் மகரந்தச் சேர்க்கை குன்றிப் பெண் மரங்களின் காய்ப்பும் குறையும்.

பயன்படுத்தும் முறை

தாகுவா பொத்தான் நீரை உறிஞ்சிச் சற்று உப்பும். எனவே இப்பொத்தான் தைத்த ஆடைகளை நெடுநேரம் ஊறவைக்காமல் துவைத்து, நிழலில் உலர்த்துவது நல்லது.